கேஷை அழித்த பிறகும் பழைய இருப்பே தெரிகிறது

கேள்வி: மார்ச் 4, காலை 8.15

ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதிய விற்பனைத் தளம். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், கேஷுக்கு (அடிக்கடி கேட்கப்படும் விடைகளின் தற்காலிக நகல்களுக்கு) ரெடிஸ். ஒரு பொருளின் இருப்பு மாறும்போதெல்லாம் கேஷில் அந்தப் பொருளுக்குரிய கீயை (நகல் எந்தப் பெயரில் இருக்கிறதோ அதை) அழித்துவிடுகிறோம். அப்படியிருந்தும், தீர்ந்துபோன பொருள் சில வேளைகளில் ஒரு மணி நேரம் வரை ‘இருப்பில் உள்ளது’ என்றே பக்கத்தில் தெரிகிறது. காலாவதி நேரத்தை ஒரு மணியிலிருந்து ஐந்து நிமிடமாகக் குறைத்தோம். புகார்கள் குறைந்தன, ஆனால் தரவுத்தளத்தின் சுமை ஏறிவிட்டது. இனி ஒரு நிமிடமாகக் குறைப்பதா, அல்லது இரவில் ஒரு முறை ரெடிஸ் முழுவதையும் காலி செய்வதா?

மார்ச் 4, காலை 9.40

இரண்டும் வேண்டாம். காலாவதியைக் குறைத்தால் பழைய தரவு கண்ணில் படும் நேரம் குறையுமே தவிர, அது உள்ளே நுழையும் வழி அடைபடாது. ரெடிஸ் முழுவதையும் காலி செய்தால், பயனர் அமர்வுகளும் அங்கேயே இருக்கும் பட்சத்தில் எல்லோரும் வெளியேற்றப்படுவார்கள். கேஷ் காலியான அந்த நொடியில் வரும் அத்தனை கோரிக்கைகளும் ஒரே சமயத்தில் தரவுத்தளத்தின் மேல் விழும்.

முதலில் பழைய மதிப்பு எந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். தவறாகக் காட்டும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதே நிமிடத்தில் மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்: தரவுத்தளத்தில் நேரடியாக அந்த வரிசை, ரெடிஸில் அந்தக் கீ, கர்ல் கட்டளை வழியே சர்வர் தரும் விடை. விடையின் தலைப்பில் ‘ஏஜ்’ என்ற வரி இருந்தால் அது இடையிலுள்ள ஏதோ ஒரு கேஷிலிருந்து வந்த விடை, அதிலுள்ள எண் அந்த விடையின் வயது நொடிக்கணக்கில். பக்கத்தைப் பத்து முறை புதுப்பித்தால் பழையதும் புதியதும் மாறி மாறி வருகின்றனவா என்பதையும் பாருங்கள். அப்படி வந்தால் குற்றவாளி ரெடிஸ் அல்ல. சர்வரில் கோரிக்கைகளைக் கையாளும் ஒவ்வொரு வொர்க்கரும் தன் நினைவகத்தில் தனித்தனிப் பிரதி வைத்திருக்கிறது, நீங்கள் அழிக்கும் கீ அவற்றுக்குத் தெரியாது.

உலாவியே பழையதை வைத்திருக்கிறது என்ற ஐயம் இருந்தால், சோதனை முடியும்வரை அந்தப் பக்கத்துக்கு ‘நோ-கேஷ்’ என்று தலைப்பு அனுப்புங்கள், உலாவி எதையும் சேமிக்காது.

மார்ச் 4, காலை 10.05

காலாவதியை மீண்டும் ஒரு மணி நேரமாக்குங்கள். பிழையைத் தேடும் நேரத்தில் அது நீண்ட நேரம் கண்ணில் படுவதே நமக்கு வசதி. ரெடிஸில் அந்தக் கீயைப் பார்க்கும்போது கீயின் மீத ஆயுளை நொடிக்கணக்கில் சொல்லும் டிடிஎல் கட்டளையையும் ஓட்டி, விடையை, பார்த்த நேரத்தோடு நொடி பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 4, மாலை 6.30

காலையில் நான் எழுதிய ஒரு வாக்கியம் தவறு. ‘நோ-கேஷ்’ என்றால் சேமிக்காதே என்று பொருளில்லை. சேமித்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டு உறுதி செய்யாமல் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் பொருள். சேமிக்கவே கூடாது என்பதற்கு ‘நோ-ஸ்டோர்’. இணையக் கேஷுக்கான விதிகளாக 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9111 இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது, அதற்கு முந்தைய 7234-இலும் அப்படித்தான். பெயரைப் பார்த்துப் பொருள் கொள்ளும் பழக்கத்தால் நேர்ந்த பிழை.

மார்ச் 5, மதியம் 1.20

நீங்கள் அனுப்பிய விவரங்களைப் பார்த்தேன். தரவுத்தளத்தில் இருப்பு 0. ரெடிஸில் 4. காலை 11.45.19-க்கு டிடிஎல் தந்த விடை 3408.

இந்த 3408-தான் முக்கியமான தடயம். நீங்கள் கீயை வைக்கும்போது 3600 நொடி கொடுக்கிறீர்கள். மீதம் 3408 என்றால் கீ பிறந்து 192 நொடி ஆகிறது, அதாவது சரியாக 11.42.07-க்கு யாரோ அதை வைத்திருக்கிறார்கள். உங்கள் லாகின்படி இருப்பை மாற்றிய கோரிக்கை தொடங்கியது 11.42.05, முடிந்தது 11.42.09. ஆகவே ‘கீ அழியவில்லை’ என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். கீ அழிந்திருக்கிறது. அழிந்த பிறகு, அந்த நான்கு நொடிகளுக்குள், பழைய மதிப்போடு மறுபடியும் பிறந்திருக்கிறது.

காரணம் உங்கள் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (எல்லா மாற்றங்களும் ஒன்றாக நிலைக்கும், அல்லது ஒன்றாக ரத்தாகும் தொகுப்புக்குள்) ஓடவிடும் அமைப்பை இயக்கியிருக்கிறீர்கள், கேஷ் அழிப்பையோ பொருளைச் சேமிக்கும் சேவ் முறைக்குள்ளேயே எழுதியிருக்கிறீர்கள். அழிப்பு உடனே நடந்துவிடுகிறது, மாற்றங்களைத் தரவுத்தளத்தில் நிலைப்படுத்தும் கமிட் மட்டும் கோரிக்கை முடியும்போதுதான். நடுவில் படங்களைச் சிறிதாக்கும் வேலையும் தேடல் அட்டவணைக்கு அனுப்பும் வேலையும் மூன்று நொடி எடுத்துக்கொள்கின்றன. அந்த மூன்று நொடிக்குள் பக்கத்தைத் திறந்தவர், கேஷில் இல்லை என்று கண்டு தரவுத்தளத்துக்குப் போகிறார். போஸ்ட்கிரெஸ் இயல்பாகக் கமிட் ஆனதை மட்டுமே காட்டும், எழுதுபவருக்காக வாசிப்பவரைக் காத்திருக்க வைக்காது. எனவே அவருக்குக் கிடைப்பது 4. அந்த 4 நேர்மையான விடை, ஏனெனில் அந்தக் கணத்தில் உண்மை அதுதான். அதை ஒரு மணி நேரத்துக்குக் கேஷில் வைத்துவிடுகிறார். இரண்டு நொடி கழித்து நீங்கள் கமிட் செய்கிறீர்கள். அதன்பின் அழிப்பவர் யாருமில்லை.

அழிப்பை கமிட்டுக்குப் பிறகு நகர்த்துங்கள். ஜாங்கோவில் 1.9 பதிப்பிலிருந்தே இதற்கென ‘ஆன்_கமிட்’ இருக்கிறது. ரெயில்ஸ் பயன்படுத்துவோர் ‘ஆஃப்டர்_சேவ்’ என்ற இடத்தில் ‘ஆஃப்டர்_கமிட்’ என்று எழுத வேண்டும். இத்துடன் உங்கள் சிக்கல் தீரும்.

மார்ச் 5, இரவு 10.50

இதே பிழையோடு நான் மூன்று வாரம் போராடியிருக்கிறேன் என்பதால்தான் அந்த எண்ணைப் பார்த்தவுடன் பிடிபட்டது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் முன்பதிவு முறை ஒன்று இருந்தது. ரத்து செய்த இருக்கை காலியாகத் தெரியாது. காலாவதியை முப்பது நிமிடம், பத்து, இரண்டு என்று குறைத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு குறைப்புக்குப் பின்னும் இரண்டு நாள் அமைதியாக இருக்கும், பிறகு மீண்டும் ஒரு புகார் வரும். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் செய்த முதல் உருப்படியான காரியம், கேஷில் வைக்கும் மதிப்போடு ‘யார் வைத்தது, எப்போது வைத்தது’ என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்து வைத்ததுதான்: ப்ராசஸ் எண்ணும் மில்லி நொடி வரையிலான நேரமும். மறுநாள் காலையே பழைய மதிப்பை வைத்த ப்ராசஸ் அகப்பட்டது. அது எழுதும் ப்ராசஸ் அல்ல, முற்றிலும் அப்பாவியான ஒரு வாசிக்கும் ப்ராசஸ்.

அந்த இரண்டு விவரங்களையும் நீங்களும் சேர்த்துவிடுங்கள். சில பைட்டுகளே செலவு.

மார்ச் 7, காலை 7.15

‘அழிப்பதற்குப் பதில் புது மதிப்பையே கேஷில் எழுதிவிட்டால் என்ன’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. ஆனால் ஒரே பொருளை இரண்டு கோரிக்கைகள் அடுத்தடுத்து மாற்றும்போது, தரவுத்தளத்தில் முதலில் கமிட் ஆனது கேஷுக்கு இரண்டாவதாக வந்து சேரலாம். அப்போது தரவுத்தளத்தில் 2, கேஷில் 3 என்று காலாவதியாகும்வரை நின்றுவிடும். அழிப்பதில் இந்த ஆபத்து இல்லை. அழிப்பை இரண்டு முறை செய்தாலும், வரிசை மாறிச் செய்தாலும் முடிவு ஒன்றே.

ஆனால் இந்தக் கேள்விக்கு விடை யோசித்தபோது, மார்ச் 5-ஆம் தேதி ‘இத்துடன் தீரும்’ என்று நான் எழுதியது அவசரம் என்று தெரிந்தது. கமிட்டுக்குப் பின் அழித்தாலும் ஒரு சிறு இடுக்கு இருக்கிறது. வாசிப்பவர் கமிட்டுக்கு முன்பே 4 என்று படித்துவிட்டார், ஆனால் அதைக் கேஷில் வைப்பதற்குள் அவருடைய ப்ராசஸ் சற்றுத் தாமதிக்கிறது. அந்த இடைவெளியில் நீங்கள் கமிட் செய்து, அழித்தும் விடுகிறீர்கள். பிறகு அவர் தன் கையிலிருந்த 4-ஐ வைக்கிறார். மூன்று நொடி இடுக்கு சில மில்லி நொடியாகச் சுருங்கியதே தவிர மூடப்படவில்லை.

2013-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் மெம்கேஷ் என்ற கேஷ் அமைப்பை விரிவாக்கியது பற்றி வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இதே இடுக்குக்கு ‘லீஸ்’ என்ற வழியைச் சொல்லியிருந்தார்கள். கேஷில் இல்லாத ஒன்றைக் கேட்பவருக்கு 64-பிட் டோக்கன் ஒன்று தரப்படும். மதிப்பை வைக்க வரும்போது அந்த டோக்கனைக் காட்ட வேண்டும். இடையில் யாராவது அந்தக் கீயை அழித்திருந்தால் டோக்கன் செல்லாது, மதிப்பு மறுக்கப்படும். அதே டோக்கனை ஒரு கீக்குப் பத்து நொடிக்கு ஒன்று என்று கட்டுப்படுத்தியதால், கூட்டமாக மோதும் கீகள் சிலவற்றில் தரவுத்தள வினவல்கள் உச்ச நேரத்தில் நொடிக்கு 17,000 என்ற அளவிலிருந்து 1,300-ஆகக் குறைந்ததாகவும் அதில் இருக்கிறது. ஒரே ஏற்பாடு இரண்டு நோய்க்கும் மருந்தாவது என்னை மிகவும் கவர்ந்தது.

ரெடிஸில் இதை நாமே செய்துகொள்ளலாம். கேஷில் இல்லை என்று தெரிந்தவுடன், வாசிப்பவர் அந்தப் பொருளுக்கான இன்னொரு கீயில் தற்செயலான ஓர் எண்ணை, ஏற்கனவே எண் இல்லாதபோது மட்டும் என்ற நிபந்தனையோடு, பத்து நொடி ஆயுளில் வைக்கிறார். பிறகு தரவுத்தளத்தைப் படிக்கிறார். மதிப்பை வைக்கும்போது ரெடிஸுக்குள்ளேயே ஓடும் சிறிய லூவா ஸ்கிரிப்ட் ஒன்று, அந்த எண் இன்னும் தன்னுடையதாகவே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் வைக்கிறது. அழிப்பவர் இரண்டு கீகளையும் சேர்த்து அழிக்கிறார். லூவா ஸ்கிரிப்ட் ஓடும்போது ரெடிஸ் வேறெந்தக் கட்டளையையும் இடையில் நுழைய விடாது என்பதால் சரிபார்த்தலுக்கும் வைத்தலுக்கும் நடுவே புது இடுக்கு உண்டாகாது. எண் வைக்க முடியாமற்போனவர் தரவுத்தளத்தைப் படித்துப் பயனருக்குக் காட்டலாம், கேஷில் மட்டும் வைக்கக் கூடாது.

மார்ச் 7, மதியம் 12.40

தரவுத்தளமே வினவல் விடைகளைக் கேஷ் செய்துகொள்ளட்டும் என்ற யோசனை பற்றி: மைஎஸ்க்யூஎல் நெடுங்காலம் அதைச் செய்தது. ஓர் அட்டவணையில் ஒரு வரிசை மாறினாலும் அந்த அட்டவணையைத் தொட்ட அத்தனை விடைகளையும் அது தூக்கியெறிய வேண்டியிருந்தது. எழுத்து அதிகமுள்ள தளங்களில் அது உதவியைவிடச் சுமையாகவே இருந்தது. 8.0 பதிப்பில் அந்த வசதியையே நீக்கிவிட்டார்கள்.

மார்ச் 9, காலை 9.00

ஆன்_கமிட் மாற்றிய பிறகும் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை வருகிறது என்றும், டோக்கன் முறையைச் சேர்த்த பிறகும் அந்த எண்ணிக்கை அசையவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சேர்த்துவைத்த நேர விவரங்கள் இங்கே கைகொடுக்கின்றன. ஐந்து சம்பவங்களிலும் பழைய மதிப்பு வைக்கப்பட்டது, கமிட்டுக்குப் பின் 80 முதல் 400 மில்லி நொடிக்குள். தரவுத்தளம் படிக்கப்பட்டதும் கமிட்டுக்குப் பிறகே. கமிட் ஆன பிறகு படித்தவருக்கு எப்படிப் பழையது கிடைக்கும்?

நீங்கள் படிப்பது வேறொரு தரவுத்தளம் என்றால் கிடைக்கும். வாசிப்பு வினவல்களுக்கு ரெப்ளிகா (முதன்மைத் தரவுத்தளத்தின் நகல்) ஒன்று வைத்திருப்பதை இந்த முறைதான் சொல்லியிருக்கிறீர்கள். இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ‘தரவுத்தளத்தில் நேரடியாகப் பாருங்கள்’ என்று எழுதியவன், எந்தத் தரவுத்தளத்தில் என்று எழுதாமல் விட்டது என் பிழை.

ரெப்ளிகா எப்போதும் முதன்மைக்குச் சற்றுப் பின்னால்தான் ஓடும். கீ அழிந்தவுடன் வரும் வாசிப்பவர் ரெப்ளிகாவில் படிக்கிறார், அங்கே மாற்றம் இன்னும் வந்து சேரவில்லை. டோக்கன் இதைத் தடுக்காது. அழிப்பு முடிந்த பிறகு அவர் டோக்கன் வாங்குகிறார், முறையாகப் படிக்கிறார், முறையாக வைக்கிறார். அவர் படித்த இடம் மட்டுமே பழையது.

சிலர் ஒரு நொடி கழித்து இரண்டாம் முறை அழிக்கச் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரெப்ளிகா பின்தங்கும் நேரம் ஒரு நொடிக்குள் அடங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது, பெரிய மாற்றம் ஒன்று ஓடும்போது அது நிமிடக்கணக்கில்கூடப் போகும். கேஷை நிரப்பும் அந்த ஒரு வினவலை மட்டும் முதன்மைத் தரவுத்தளத்துக்கு அனுப்புங்கள். பெரும்பாலான வாசிப்புகள் கேஷிலிருந்தே போய்விடுவதால் முதன்மைக்குக் கூடும் சுமை, கேஷில் கிடைக்காதவற்றின் அளவே. காலாவதி ஒரு மணி நேரமாக இருப்பதால் அதுவும் குறைவு. ஐந்து நிமிடமாக விட்டிருந்தால் இந்த வழி நமக்குக் கட்டுப்படியாகியிருக்காது.

மார்ச் 9, காலை 9.25

சுமையைப் பற்றிப் பேசும்போதே ஒன்று: எல்லாக் கீகளுக்கும் சரியாக 3600 வைக்காமல், 3300-க்கும் 3900-க்கும் இடையில் ஏதாவதொன்று வையுங்கள். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாக இறக்காமல் இருக்கும். வயதைக் கணக்கிட வைத்த நேரமே மதிப்போடு இருப்பதால் தடயமும் கெடாது.

மார்ச் 10, இரவு 8.10

தன்னிடம் ஒரு கீ நான்கு நாளாகப் பழையதாகவே இருக்கிறது, டிடிஎல் -1 என்று வருகிறது என்று வேறொருவர் எழுதியிருக்கிறார். -2 என்றால் அந்தக் கீயே இல்லை. -1 என்றால் கீ இருக்கிறது, ஆனால் காலாவதி இல்லை. காலாவதியோடு வைத்த கீயை, பிறகு நிரலில் வேறோரிடத்தில் வெறும் செட் கட்டளையால் மேலெழுதினால், பழைய காலாவதியும் சேர்ந்து போய்விடும். காலாவதியைத் தக்கவைக்க ‘கீப்-டிடிஎல்’ என்ற தேர்வு ரெடிஸ் 6.0-இல் வந்தது. நிரல் முழுவதும் செட் எங்கெங்கே அழைக்கப்படுகிறது என்று தேடிப் பாருங்கள், காலாவதி கொடுக்காத ஒன்று அகப்படும்.

மெம்கேஷ்டு பயன்படுத்துபவர்களுக்கு இதன் தலைகீழான பொறி ஒன்று உண்டு. காலாவதியாக 30 நாளுக்கு மேற்பட்ட நொடிகளைக் கொடுத்தால், அதை அது கால அளவாகக் கொள்ளாமல், 1970-இலிருந்து எண்ணும் நாள்-நேரமாகக் கொள்ளும். அந்த நேரம் எப்போதோ கடந்துபோனது என்பதால், வைத்த மறுகணமே மதிப்பு மறைந்துவிடும்.

மார்ச் 12, காலை 6.50

எஞ்சியிருப்பது தினமும் காலை 5 மணிக்குப் பின் மட்டும் வருகிறது என்ற உங்கள் குறிப்பு போதுமானதாக இருந்தது. 5 மணிக்கு ஓடும் இருப்புப் பதிவேற்ற ஸ்கிரிப்ட், ஆயிரக்கணக்கான வரிசைகளை ‘அப்டேட்’ முறையால் ஒரே வீச்சில் மாற்றுகிறது. ஜாங்கோவில் அந்த முறை சேவ் முறையை அழைப்பதில்லை, மாற்றத்தை அறிவிக்கும் சிக்னல்களையும் அனுப்புவதில்லை. உங்கள் அழிப்பு முழுவதும் சேவுக்குள் இருப்பதால், இந்த மாற்றங்கள் கேஷுக்குச் சொல்லாமலே நடந்துவிடுகின்றன. இங்கே இடுக்கு எதுவும் இல்லை, கதவே திறந்து கிடக்கிறது.

ஸ்கிரிப்டின் முடிவில், மாறிய பொருள்களின் கீகளை அழிக்கும் வரிகளை இன்றே சேர்க்கலாம். ஆனால் நாளை யாராவது தரவுத்தளத்தில் கையாலேயே ஒரு வரிசையைத் திருத்துவார்கள், அடுத்த மாதம் இன்னொரு ஸ்கிரிப்ட் வரும். எழுதும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை என்றாவது ஒரு நாள் விட்டுப்போகும். ஆகவே அழிக்கும் பொறுப்பைத் தரவுத்தளத்துக்கே மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

போஸ்ட்கிரெஸில், வரிசை மாறும்போது தானாக ஓடும் டிரிகர் ஒன்று எழுதி, கேட்டுக்கொண்டிருக்கும் ப்ராசஸுக்கு நோட்டிஃபை கட்டளையால் அறிவிப்பு அனுப்பலாம். டிரான்சாக்ஷன் கமிட் ஆனால்தான் அந்த அறிவிப்பு போகும், ரத்தானால் போகாது. மார்ச் 5-இல் நாம் கையால் செய்ததை இது தானாகவே செய்கிறது. குறை என்னவென்றால், கேட்டுக்கொண்டிருக்கும் ப்ராசஸ் இணைப்பு அறுந்திருக்கும் நேரத்தில் வரும் அறிவிப்புகள் தொலைந்துவிடும், திரும்ப வரா. எனவே நான் செய்வது இது: மாறிய பொருளின் எண்ணை அதே டிரான்சாக்ஷனில் தனி அட்டவணை ஒன்றில் டிரிகர் எழுதுகிறது. ஒரு சிறு ப்ராசஸ் அந்த அட்டவணையைப் படித்து, கீகளை அழித்து, அழித்தது உறுதியான பிறகே அந்த வரிசைகளை நீக்குகிறது. நோட்டிஃபை அந்தப் ப்ராசஸை உடனே எழுப்ப மட்டும் பயன்படுகிறது. அறிவிப்பு தொலைந்தாலும் எண் அட்டவணையில் காத்திருக்கும்.

ஆன்_கமிட்டுக்கு இருந்த, நான் முன்பு சொல்லாமல் விட்ட ஒரு குறையும் இதில் நீங்குகிறது. கமிட் முடிந்து, அழிப்பு ஓடுவதற்குள் ப்ராசஸ் இறந்துபோனால் ஆன்_கமிட்டில் அந்த அழிப்பு என்றுமே நடக்காது.

மார்ச் 12, மாலை 5.30

அழிக்கும் பொறுப்பைத் தரவுத்தளம் ஏற்ற பிறகும் காலாவதி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், அப்போதும் வேண்டும். நாம் யோசிக்காத வழியில் நுழைந்த பழைய மதிப்புக்கு அது ஒரு முடிவுநாள் குறிக்கிறது.

மார்ச் 15, காலை 10.20

மூன்று நாளாகப் புகார் இல்லை என்பது மகிழ்ச்சி. ஆனால் புகார் வராததை மட்டும் வைத்துச் சரி என்று சொல்லிவிட வேண்டாம். பழைய இருப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறவர்களே அதிகம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ரெடிஸிலிருந்து தற்செயலாக நூறு கீகளை எடுத்து, முதன்மைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, வேறுபட்டவற்றை ஐந்து நொடி கழித்து மறுபடி ஒப்பிட்டு, அப்போதும் வேறுபடுபவற்றை மட்டும் லாகில் எழுதும் ஒரு சிறு வேலையை ஓடவிடுங்கள். கீகளைத் தேட ‘கீஸ்’ கட்டளை வேண்டாம், அது முடியும்வரை ரெடிஸ் வேறு யாருக்கும் விடை தராது. ‘ஸ்கேன்’ பயன்படுத்துங்கள், அல்லது பொருள் எண்களைத் தரவுத்தளத்திலிருந்தே எடுங்கள்.

உங்கள் ஆர்டர் நிரலைப் படித்தபோது மற்றொன்று கண்ணில் பட்டது. இருப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆர்டர் எடுக்கும் இடத்திலும் கேஷையே கேட்கிறீர்கள். பக்கத்தில் காட்டுவதற்குக் கேஷ் போதும், ஆர்டரை ஏற்பதற்குப் போதாது. நாம் இத்தனை நாள் அடைத்த இடுக்குகள் அனைத்தும் அடைபட்டிருந்தாலும், கடைசி ஒரு பொருளுக்கு இருவர் ஒரே கணத்தில் வந்தால் இருவருக்கும் கேஷ் 1 என்றே சொல்லும். இருப்பைக் குறைக்கும் அப்டேட் கட்டளையிலேயே ‘இருப்பு, கேட்ட அளவுக்குக் குறையாமல் இருந்தால்’ என்ற நிபந்தனையைச் சேர்த்து, எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள். 0 வந்தால் ஆர்டரை மறுத்துவிட்டு, அந்தப் பொருளின் கீயையும் அங்கேயே அழித்துவிடுங்கள்.

மார்ச் 18, காலை 8.00

ஒப்பிடும் வேலை மூன்று நாளில் ஒரே ஒரு வேறுபாட்டைக் காட்டியதாகவும், அது இருப்பு அல்ல, பொருளின் வகைப்பெயர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வகைப்பெயர் வேறோர் அட்டவணையில் இருக்கிறது, பொருளின் கீக்குள் அதுவும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது, டிரிகர் பொருள் அட்டவணையில் மட்டும் இருக்கிறது. வகை அட்டவணைக்கும் டிரிகர் வையுங்கள். ஒரு வகை மாறினால் அதன் கீழுள்ள எல்லாப் பொருள்களின் எண்களும் அழிப்பு அட்டவணையில் சேர வேண்டும். வகையின் கீழ் பொருள்கள் மிக அதிகமென்றால், வகைப்பெயரைப் பொருளின் கீயிலிருந்து பிரித்துத் தனிக் கீயாக வைப்பதே நல்லது. நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.